கல்லும் கம்பியும்

மாணவர்களே! சேலம் மாவட்டத்தில் பனமரத்துப்பட்டி என்று ஓர் ஊர் உண்டு. அப்பெயரைக் கேட்ட அளவிலேயே பனை நம் நினைவிற்கு வருகின்றது அன்றோ? பனை, தன்னை வளர்த்தாரிடம் பெரிதாக ஒன்றும் வேண்டாது பலவற்றையும் தரும் மரம். நுங்கும் பதநீரும் கிழங்கும் ஓலையும் நல்குவதோடு அமையாது, முதிர்ந்து வீழ்ந்த பின்னரும் வீட்டின் கூரையைத் தாங்கும் சட்டமாகி நிற்கும். நம் முன்னோர் மண்சுவரின்மேல் பனஞ்சட்டங்களை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் ஓடு வேய்ந்து வாழ்ந்தனர். சுவருக்கு மண் குழைத்தபோது வைக்கோலையும் நறுக்கிச் சேர்த்தனர். மண் சுமையைத் தாங்கும். வைக்கோல் மண்ணை வெடிக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். தாங்குவது ஒன்று, பிடிப்பது மற்றொன்று. இரண்டும் கூடினால்தான் சுவர் நிலைக்கும். இவ்வுண்மையை அவர்கள் நூல் கற்று அறியவில்லை. கையால் தொட்டு அறிந்தனர்.

இன்று ஓட்டு வீடுகள் குறைந்து வருகின்றன. பள்ளியும் மருத்துவமனையும் பாலமும் நீர்த்தொட்டியும் கம்பியும் சிமெண்டும் கொண்டு கட்டப்படுகின்றன. கல், மணல், சிமெண்டு, நீர் ஆகியவை கலந்து இறுகிய பொருளைக் கான்கிரீட்டு என்று மக்கள் வழங்குவர். நூலோர் அதனைக் கற்காரை என்பர். அதனுள்ளே எஃகுக் கம்பிகளைப் பதித்தால் அது வலுவூட்டிய கற்காரை ஆகின்றது. மண்ணும் வைக்கோலும் கூடிய பழைய உறவே இங்குக் கல்லும் கம்பியும் கூடிய புதிய உறவாகியது எனலாம். அவ்வுறவின் இயல்பை இப்பாடத்தில் காண்போம்.

பனமரத்துப்பட்டிக்கு ஒரு நாள் காலையில் நாம் செல்வதாகக் கற்பனை செய்துகொள்வோம். வழியின் இருபுறமும் அரளித் தோட்டங்கள் பூத்துக் குலுங்குகின்றன. ஒரு புறத்தே சருகுமலை நீலமாக உயர்ந்து தோன்றுகின்றது. சேலம் நகருக்குக் குடிநீர் தருவதற்கென 1911-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பெரிய ஏரியின் கரை மற்றொரு புறத்தே நீண்டு கிடக்கின்றது. இன்று சேலம் மாநகர் மேட்டூரிலிருந்து காவிரி நீரைப் பெறுகின்றது. எனினும் ஓர் ஊர் மற்றோர் ஊரின் தாகத்தைத் தணித்த வரலாற்றை அக்கரை நமக்கு நினைவூட்டுகின்றது.

ஊருக்குள் ஒரு பள்ளியில் புதிய வகுப்பறை எழும்பிக்கொண்டிருக்கின்றது. சுவர்கள் முடிந்துவிட்டன. இன்று மேல்தளம் போடும் நாள். கீழே மரக்கால்கள் நெருக்கமாக நிற்க, அவற்றின்மேல் பலகை அடைக்கப்பட்டிருக்கின்றது. பலகையின்மேல் கம்பிகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. கலவை இயந்திரம் சுழல்கின்றது. ஆடவரும் பெண்டிரும் வரிசையாக நின்று கலவைச் சட்டிகளைக் கைமாற்றிக் கொடுக்கின்றனர். நம் ஆசிரியர் மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்கே வந்து நிற்கின்றார்.

ஆசிரியர் தம் சட்டைப் பையிலிருந்து எழுதும் சுண்ணக்கட்டி ஒன்றை எடுத்தார். அதனை நிறுத்தி, மேலிருந்து விரலால் அழுத்தினார். அது அசையவில்லை. பின்னர் அதன் இரு முனைகளையும் பிடித்து மெல்ல வளைத்தார். 'டக்' என்று ஒடிந்தது. "ஒரே பொருள்தான், அழுத்தினால் தாங்கியது, வளைத்தால் ஒடிந்தது. காரணம் யாது?" என்று வினவினார்.

மாணவர் விழித்தனர். ஆசிரியர் விளக்கலானார்: "ஒரு பொருளை வளைக்கும்போது அதன் ஒரு பக்கம் சுருங்குகின்றது, மறுபக்கம் நீள்கின்றது. சுருங்கும் பக்கத்தில் அமுக்குவிசையும், நீளும் பக்கத்தில் இழுவிசையும் தோன்றுகின்றன. சுண்ணக்கட்டி அமுக்குவிசையைப் பொறுக்கும், இழுவிசையைப் பொறுக்காது. கற்காரையும் இத்தன்மையதே. அது தாங்கக்கூடிய அமுக்குவிசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இழுவிசையையே அதனால் தாங்க முடியும். இரு சுவர்களின்மேல் கிடக்கும் தளம் தன் சுமையால் நடுவே சிறிது தாழ முயலும். அப்போது அதன் மேற்பக்கம் சுருங்கும், அடிப்பக்கம் நீளும். கம்பி இல்லையேல் அடிப்பக்கம் வெடித்து, தளம் சுண்ணக்கட்டிபோல் ஒடிந்து விழும். ஆதலின் இழுவிசை தோன்றும் இடமெல்லாம் எஃகுக் கம்பியை வைக்கின்றனர். அமுக்குவிசையைக் கல் ஏற்கின்றது. இழுவிசையைக் கம்பி ஏற்கின்றது."

"அப்படியாயின், கம்பி எப்போதும் அடியில்தான் இருக்க வேண்டுமா, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"நல்ல கேள்வி கேட்டாய், அம்மா! சன்னலுக்கு மேலே வெளியே நீண்டிருக்கும் வெயில்மறைப்பைப் பார். அதன் ஒரு முனையே சுவரில் பதிந்திருக்கின்றது. மறுமுனை வெற்றிடத்தில் தொங்குகின்றது. அது வளையும்போது நீள்வது மேற்பக்கம். அங்கே கம்பியும் மேற்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். வேலை செய்வோர் அறியாமல் அக்கம்பியை மிதித்துக் கீழே தாழ்த்திவிட்டால், உள்ளே கம்பி இருந்தும் பயனில்லை. பலகையைப் பிரித்த அன்றே வெயில்மறைப்பு ஒடிந்து விழக்கூடும்" என்றார் ஆசிரியர்.

இனி, இக்கலவையில் சேரும் பொருள்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது சிமெண்டு. நம் முன்னோர் சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துக் காரை செய்தனர். அக்காரை பல நாள் பொறுத்தே இறுகும். நீருக்கடியிலும் இறுகக்கூடிய காரையைத் தேடி மேலைநாட்டார் பெரிதும் முயன்றனர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் கொத்துவேலை செய்துவந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர், சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டுப் பொடியாக்கும் முறை ஒன்றிற்கு 1824-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அப்பொடி இறுகியபின் போர்ட்லண்டு என்னும் இடத்துக் கட்டடக்கல்லைப் போன்றிருந்தமையால் அதனைப் போர்ட்லண்டு சிமெண்டு என்று அழைத்தார். அப்பெயர் இன்றும் சிமெண்டு மூட்டைகளின்மேல் காணப்படுகின்றது. நம் நாட்டில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி 1904-ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்றது. கடற்சிப்பிகளைக் கொண்டு தொடங்கிய அம்முயற்சி நிலைபெறவில்லை. 1914-ஆம் ஆண்டில் குசராத்துக் கடற்கரையில் உள்ள போர்பந்தரில் தொடங்கிய ஆலையே வெற்றி கண்டது. சேலம் மாவட்டத்துச் சங்ககிரியில் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 1963-ஆம் ஆண்டில் ஓர் ஆலையை நிறுவியது. அவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லே அதற்கு ஆதாரமாயிற்று.

சிமெண்டு எவ்வாறு உண்டாகின்றது? சுண்ணாம்புக்கல்லையும் களிமண் முதலியவற்றையும் நுண்ணிய பொடியாக்கி, நீண்டு சாய்ந்து சுழலும் உருளை உலையில் இடுகின்றனர். உலையின் உள்ளே வெப்பம் ஏறக்குறைய 1450 பாகை சென்டிகிரேடு அளவு உயர்கின்றது. அவ்வெப்பத்தில் சுண்ணமும் மணற்சத்தும் ஒன்றோடொன்று கூடிக் கரும்பசுமை நிறக் கட்டிகளாகின்றன. அக்கட்டிகளைக் குளிர்வித்து, நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு ஜிப்சம் என்னும் கனியத்தைச் சேர்த்து அரைத்தால் சிமெண்டு கிடைக்கின்றது. ஜிப்சம் சேராவிடில், நீர் பட்ட சில நிமிடங்களிலேயே சிமெண்டு இறுகிவிடும். கலக்கவும் பரப்பவும் காலம் கிடையாது.

இங்கே சேலத்தார் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சேலத்துக்கு வடக்கே வெண்ணிறக் கல் நிறைந்த குன்றுகள் உள்ளன. ஆங்கிலேயர் அவற்றிற்குச் சுண்ணக்குன்றுகள் என்று பொருள்படும் பெயரை இட்டனர். ஆனால், அவ்வெள்ளைக்கல் சுண்ணாம்புக்கல் அன்று. மாக்னசைட்டு என்னும் வேறொரு கனியம். சிமெண்டில் மக்னீசியம் ஆக்சைடு அளவுக்கு மிஞ்சினால், கட்டடம் இறுகிப் பல மாதங்கள் கழிந்தபின் உள்ளிருந்து பருத்து அதனை வெடிக்கச் செய்யும். ஆகையால் சிமெண்டில் அது நூற்றுக்கு ஆறு பங்கிற்கு மேல் இருத்தல் ஆகாது என்று விதித்துள்ளனர். ஆயினும் அவ்வெள்ளைக்கல்லைப் பயனற்றது என்று எண்ணாதீர். அதனைச் சுட்டுச் செய்யும் செங்கற்கள் பெருவெப்பத்தையும் தாங்குவன. எஃகு உலைகளின் உட்புறத்தும் சிமெண்டு உலைகளின் உட்புறத்தும் இத்தகைய கற்களைப் பதிக்கின்றனர். சிமெண்டின் உள்ளே பகையாவது, சிமெண்டு உலைக்கு நட்பாகின்றது. பொருள்களில் நல்லது தீயது என்பது இல்லை. அவற்றை வைக்கும் இடமே அவ்வாறு ஆக்குகின்றது.

இரண்டாவது ஜல்லி. கற்காரையின் உடலில் பெரும்பங்கு கல்லே ஆகும். மலைப்பாறையை உடைத்து, தளத்திற்குப் பெரும்பாலும் 20 மில்லிமீட்டர் அளவுள்ள ஜல்லியைப் பயன்படுத்துகின்றனர். சேலத்தைச் சூழ்ந்த குன்றுகளின் கருங்கல் இதற்கு ஏற்றது. ஜல்லி தட்டையாகவும் நீண்டும் இராமல், கனசதுரம்போல் முனைகள் உடையதாக இருத்தல் நன்று. மேலே புழுதி படிந்திருத்தல் கூடாது. புழுதிக்கும் சிமெண்டுக்கும் ஒட்டுறவு உண்டே அன்றி, புழுதிக்கும் கல்லுக்கும் இல்லை.

மூன்றாவது மணல். ஜல்லிகளுக்கிடையே உள்ள இடைவெளியை மணல் நிரப்புகின்றது. மணலுக்கிடையே உள்ள இடைவெளியைச் சிமெண்டுக் குழம்பு நிரப்புகின்றது. பெரியோருக்கு இடையே சிறியோரும் சிறியோருக்கு இடையே அவரினும் சிறியோரும் அமர்ந்து இடமெல்லாம் நிறைந்த அவையைப்போல இதனைக் கருதலாம். மணலில் மண் கலந்திருக்கின்றதா என்று அறிவது எளிது. ஒரு கண்ணாடிக் குவளையில் மணலையும் நீரையும் இட்டுக் குலுக்கிச் சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணல் அடியில் தங்கும். வண்டல் அதன்மேல் தனிப் படலமாகப் படியும். படலம் தடித்திருந்தால் அம்மணல் கட்டடத்திற்கு ஆகாது. கடல்மணலும் ஆகாது, அதில் உள்ள உப்புக் கம்பியை அரிக்கும்.

ஆற்றுமணலைப் பற்றி மேலும் ஒரு சொல். மணல் ஆற்றின் செல்வம். மழைநீரை உள்ளே இழுத்து நிலத்தடியில் சேர்த்து, கோடையில் கிணறுகளுக்கு ஊட்டுவது அதுவே. வரம்பின்றி அள்ளப்பட்ட ஆற்றில் நீர் தங்காது. பாலத்தின் தூண்களுக்கும் பிடிப்பு நில்லாது. ஆதலால், கருங்கல்லை ஆலையில் நொறுக்கி, மணலின் அளவிற்கு ஆக்கி, கழுவிப் பயன்படுத்தும் வழக்கம் இன்று பரவியுள்ளது. இதனை எம்-சாண்டு என்று கூறுவர். முறையாகச் செய்யப்பட்ட எம்-சாண்டு ஆற்றுமணலின் வேலையைக் குறைவின்றிச் செய்யும். கல்லுடைக்கும்போது சேரும் வெறும் தூளை அப்பெயரால் விற்பவரும் உளர். வாங்குவோர் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

நான்காவது நீர். மற்றவற்றையெல்லாம் விலைகொடுத்து வாங்குவோர் நீரைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆயினும் கட்டடத்தின் வாழ்வும் தாழ்வும் அதன் அளவைப் பொறுத்தே அமைகின்றன. சிமெண்டு காய்ந்து இறுகுவதாகப் பலரும் நினைக்கின்றனர். அது தவறு. சிமெண்டு நீரோடு இரசாயன முறையில் கூடியே இறுகுகின்றது. அதனால்தான் நீருக்கடியிலும் இறுகுகின்றது. இக்கூட்டத்திற்குச் சிமெண்டின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நீரே போதும். ஆனால் அவ்வளவில் கலவை பரவாது. ஆகவே சிறிது கூட்டி, 50 கிலோ கிராம் மூட்டை ஒன்றிற்கு 25 முதல் 28 லிட்டர் வரை ஊற்றுகின்றனர். ஈரமான மணலில் முன்னரே உள்ள நீரையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் ஆசிரியர் இவ்வாறு விளக்கிக்கொண்டிருந்தபோது கலவை இயந்திரத்தின் அருகே ஓர் உரத்த குரல் எழுந்தது. இளைஞன் ஒருவன் அளந்து ஊற்றிய நீரோடு மேலும் ஒரு வாளி நீரைக் கலவையில் ஊற்றிவிட்டான். மேஸ்திரி ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினார்.

"ஏன் தம்பி ஊற்றினாய்?" என்று கேட்டார்.

"கலவை கெட்டியாக இருந்தது, அண்ணா. சட்டியிலிருந்து கொட்டினால் பரவவில்லை. மேலே இருப்பவர்கள் சினந்துகொள்கிறார்கள். வெயிலும் ஏறிவிட்டது. ஒரு வாளி ஊற்றினால் வேலை விரைவில் முடியும் என்று எண்ணினேன்" என்றான் அவன்.

மேஸ்திரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இந்தக் கலவை தளத்திற்கு ஏறக்கூடாது. ஓரமாகக் கொட்டு, முற்றத்து நடைபாதைக்கு அடியில் நிரப்பிக்கொள்ளலாம்" என்றார்.

"ஒரு மூட்டைச் சிமெண்டு வீணாகிறதே, அண்ணா! ஒப்பந்தக்காரர் கேட்டால் என்ன சொல்வது?"

"நான் சொல்லிக்கொள்கிறேன். ஒரு மூட்டையின் விலை எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகளின் விலை எனக்குத் தெரியாது" என்றார் மேஸ்திரி. இவ்வளவே அவர் சொன்னது. இளைஞன் தலைகுனிந்து மண்வெட்டியை எடுத்தான்.

மாணவருள் ஒருவன் ஆசிரியரை நோக்கி, "ஒரு வாளி நீரால் அவ்வளவு கேடு விளையுமா, ஐயா?" என்றான்.

"விளையும். சிமெண்டோடு கூடாமல் எஞ்சிய நீர் நாளடைவில் ஆவியாகி வெளியேறும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகளாக நிற்கும். துளை மிகுந்தால் வலிமை குறையும். நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள இவ்விகிதமே கற்காரையின் வலிமையை ஆள்கின்றது என்பதை டஃப் ஆப்ரம்சு என்னும் அமெரிக்கர் 1918-ஆம் ஆண்டில் பல சோதனைகளால் நிறுவினார். மூட்டைக்கு 25 லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 35 லிட்டர் ஊற்றினால், வலிமையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துபோகும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இதற்கும் பொருந்தும்" என்றார் ஆசிரியர்.

அவர் மேலும் சொன்னார்: "இத்தளத்தின் நீளம் 8 மீட்டர், அகலம் 6 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு கனமீட்டர் வலுவூட்டிய கற்காரையின் எடை ஏறக்குறைய 2,500 கிலோ கிராம். பெருக்கிப் பாருங்கள், இத்தளத்தின் எடை 18 டன் ஆகும். நான்கு யானைகள் உங்கள் தலைக்குமேல் நிற்பதற்கு ஒப்பாகும் அது. அவற்றின் கீழே நாற்பது பிள்ளைகள் அமர்ந்து பாடம் படிப்பர். இப்போது, மேஸ்திரி அக்கலவையை ஏன் தள்ளினார் என்பது விளங்குகின்றதா?"

மாணவர் யாவரும் அண்ணாந்து பார்த்தனர். ஒருவரும் பேசவில்லை.

ஐந்தாவது பொருள் எஃகுக் கம்பி. இரும்பு சேலத்திற்குப் புதிதன்று. நகருக்கு மேற்கே உள்ள கஞ்சமலை இரும்புக்கனியம் பொதிந்தது. இவ்வட்டாரத்துக் கனியத்தை நம்பியே ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830-ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். கஞ்சமலையின் அடிவாரத்தில் அமைந்த சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால், அவ்வாலை புகழ்பெற்றது துருப்பிடியாத எஃகுத் தகடுகளுக்கே. தளத்தில் இடும் கம்பிகளுக்கு அன்று.

கல்லையும் கம்பியையும் இணைத்துப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர் ஒரு தோட்டக்காரர் என்றால் வியப்பாக இருக்கும். பிரான்சு நாட்டில் வாழ்ந்த ஜோசப் மோனியே என்பவர் செடி வளர்க்கும் தொட்டிகளைச் சிமெண்டால் செய்தார். அவை எளிதில் உடைந்தன. உள்ளே இரும்புக் கம்பிவலையை வைத்துச் செய்தபோது உடையாமல் நின்றன. அதற்கு அவர் 1867-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பின்னர், பிரான்சுவா என்னபீக் என்பவர் 1892-ஆம் ஆண்டில் தூண், உத்திரம், தளம் ஆகிய மூன்றையும் கம்பிகளால் ஒன்றாகப் பிணைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். பூந்தொட்டியில் பிறந்த எண்ணம் மாடமாளிகையாக வளர்ந்தது. அரளி மலரும் ஊரில் நின்று இவ்வரலாற்றைக் கேட்பது பொருத்தமே அன்றோ?

கல்லும் கம்பியும் பிரியாது வாழ்வதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது பற்று. கம்பியின் மேனியில் உள்ள வரிகளைக் கற்காரை இறுகப் பற்றிக்கொள்கின்றது. இழுத்தாலும் கம்பி வழுவுவதில்லை. இரண்டாவது, வெப்பத்தில் ஒத்த இயல்பு. 10 மீட்டர் நீளமுள்ள எஃகு 30 பாகை வெப்பம் ஏறினால் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நீளும். கற்காரையும் மூன்று மில்லிமீட்டர் அளவு நீளும். இருவரும் ஒத்து நடப்பதால் வெயிலிலும் பனியிலும் பிணக்கு இல்லை. மூன்றாவது, பாதுகாப்பு. இறுகிய சிமெண்டு காரத்தன்மை மிக்கது. அக்காரம் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி, துருவேறாமல் காக்கின்றது. வலிமையுடைய கம்பி கல்லுக்குத் துணை. காரமுடைய கல் கம்பிக்குக் கவசம்.

இக்கவசம் போதிய கனமுடையதாக இருத்தல் வேண்டும். தளத்தின் அடியில் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே 20 மில்லிமீட்டரேனும், தூணில் 40 மில்லிமீட்டரேனும் கற்காரை இருக்க வேண்டும் என்பது விதி. இதற்காகவே கம்பியின் அடியில் அவ்வளவு கனமுள்ள சிறு சிமெண்டுக் கட்டைகளை வைக்கின்றனர். கட்டை வைக்காமல் கம்பியைப் பலகையின்மேல் படிய விட்டால், சில ஆண்டுகளில் காற்றும் ஈரமும் கம்பியைத் தீண்டும். காற்றில் உள்ள கரியமிலவாயு மெல்ல மெல்ல உட்புகுந்து சிமெண்டின் காரத்தைக் குறைக்கும். கடற்கரை ஊர்களில் உப்பும் உடன்சேரும். பின்பு கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட இடத்தைக் கொள்ளும். இடம் போதாமல் அது கற்காரையை நெருக்கி வெடிக்கச் செய்யும். பழைய கட்டடங்களின் கூரையில் காரை பெயர்ந்து, சிவந்த கம்பிகள் விலா எலும்புபோல் தெரிவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அது முதுமையால் மட்டும் வந்த நோய் அன்று. பெரும்பாலும் கட்டிய நாளிலேயே உட்புகுந்த நோய். அத்தகைய கூரையைக் கண்டால் அதன்கீழ் அமராமல், உடனே பெரியோர்க்கு அறிவித்தல் உங்கள் கடமையாகும்.

மதியத்திற்குள் தளம் நிறைந்தது. அதிர்வுக் கருவியைக் கலவைக்குள் விட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினர். ஒரு பெண்மணி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவந்தார். "அக்கா, வேலை முடிந்துவிட்டதா?" என்று மாணவி கேட்டாள். அவர் சிரித்து, "இல்லை கண்ணு, இனிமேல்தான் இருக்கிறது. நாளை முதல் இதற்கு நீர் காட்ட வேண்டும். பிறந்த குழந்தையைப்போலப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. சிமெண்டு நீரோடு கூடும் செயல் ஒரு நாளில் முடிவதன்று. தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் தேக்கியோ, ஈரச்சாக்கு விரித்தோ ஏழு நாளேனும் நனைத்து வருதல் வேண்டும். சேலத்துக் கோடைபோன்ற வெப்பத்தில் பத்து நாளேனும் வேண்டும். கலக்கும்போது மிகுநீர் பகை. இறுகியபின் மிகுநீர் உறவு. இவ்வேறுபாட்டை அறியாதார் கலவையில் நீரைக் கொட்டி, தளத்தைக் காயவிடுவர்.

கலவை நன்கு அமைந்ததா என்பதை அறியவும் வழி உண்டு. அன்றைய கலவையிலிருந்தே 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களை வார்த்து, நீரில் இட்டு வைத்து, 28-ஆம் நாளில் பொறியில் இட்டு நசுக்கிப் பார்க்கின்றனர். வலுவூட்டிய கற்காரைக்கு இந்தியத் தரவிதி வேண்டும் குறைந்த தரம் எம்-20 எனப்படும். அத்தரத்துக் கனசதுரம் ஒன்று ஏறக்குறைய 45 டன் சுமையைத் தாங்க வல்லது. கையில் தூக்கக்கூடிய ஒரு சிறு கட்டி, பத்து யானைகளின் சுமையைத் தாங்குகின்றது!

இத்துணை வலிமைக்கு உலகம் ஒரு விலையும் கொடுக்கின்றது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அதனுள் இருக்கும் கரியமிலவாயு வெளியேறுகின்றது. உலை எரிப்பதாலும் அவ்வாயு உண்டாகின்றது. மாந்தர் வளிமண்டலத்தில் சேர்க்கும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சிமெண்டு ஆக்கத்தால் வருவது. இதனைக் குறைக்க அறிஞர் முயன்று வருகின்றனர். 1987-ஆம் ஆண்டில் மின்னாக்கத் தொடங்கிய மேட்டூர் அனல்மின் நிலையம் போன்ற நிலையங்களில் நிலக்கரி எரிந்தபின் நுண்சாம்பல் எஞ்சுகின்றது. சிமெண்டில் ஒரு பங்கிற்கு மாற்றாக அச்சாம்பலைச் சேர்க்கின்றனர். சிமெண்டு இறுகும்போது வெளிப்படும் சுண்ணத்தோடு அச்சாம்பல் கூடி, மேலும் வலிமை தருகின்றது. கழிவென்று குவிந்தது கட்டடமாகின்றது.

மாலையில் மாணவர் திரும்பினர். ஏரிக்கரையில் காற்று வீசியது. அதுவரை பேசாது வந்த மாணவன் ஒருவன், "ஐயா, நாளை அந்தத் தளம் பூசி மெழுகி வெள்ளையடிக்கப்படும். உள்ளே கட்டை வைத்தார்களா, நீரை அளந்தார்களா என்பது யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான்.

"யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்த மேஸ்திரி பெரியவர்" என்றார் ஆசிரியர்.

மாணவர்களே! கட்டடத்தின் மேற்பூச்சு கண்ணுக்குத் தெரியும். அதனைத் தாங்கும் கம்பி கண்ணுக்குத் தெரியாது. கல்லுக்குள் கம்பி மறைந்து நிற்பதுபோல, அக்கம்பிக்கும் உள்ளே ஒருவருடைய நேர்மை மறைந்து நிற்கின்றது. சிமெண்டும் ஜல்லியும் மணலும் நீரும் எஃகும் ஆகிய ஐந்தும் எங்கும் விலைக்குக் கிடைக்கும். ஆறாவதாக வேண்டப்படும் அந்நேர்மை விலைக்குக் கிடைப்பதன்று. நாளை உங்களுள் சிலர் பொறிஞர் ஆவீர். சிலர் கொத்தனார் ஆவீர். சிலர் ஒப்பந்தம் எடுப்பீர். வேறு சிலர் அக்கணக்கைச் சரிபார்க்கும் அலுவலர் ஆவீர். எவ்விடத்தில் இருப்பினும், ஒருவரும் காணாத இடத்திலும் அளவு தவறாது செய்வீராக. அக்கூரையின்கீழ் அமர்ந்து படிக்கப்போகும் பிள்ளைகள் உங்கள் பெயரை அறியமாட்டார்கள். ஆனால் அச்சமின்றி அமர்ந்திருப்பார்கள்.